தங்கையின் இரத்தம்

எனக்கு அருவருப்பு இலேசில் வராது. மெல்பனில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பராமரிக்கும் வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். மலம், மூத்திரம், சீழ், வாந்தி எல்லாம் கண்டாயிற்று. கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து சோறு பிசைந்து சாப்பிட என்னால் முடியும். அப்படிப்பட்ட எனக்கு ஒரு மனுஷியை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் அருவருக்கிறது. அவளுடைய காலில் இருந்த புண் அதற்குக் காரணமல்ல.

வயதில் மூத்தவள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். முறைப்படி 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. ஆகவே 'அவள்' என்றே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிளென் வேவர்லியில். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வாடகைக்கு எடுத்த வீடு. அங்கிருந்து காரில் அரை மணி நேரம் போனால் மலையடிவாரத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் அவள் தனியாக இருந்தாள். எஸ்டோனியாக்காரி. அப்படி ஒரு நாடு இருப்பதே அந்த வேலை கிடைத்த அன்றுதான் எனக்குத் தெரியும். போனில் தேடிப் பார்த்தேன். ரஷ்யாவுக்குப் பக்கத்தில், கடலோரமாக, யாழ்ப்பாணத்தைவிடப் பெரியது என்றாலும் வரைபடத்தில் சின்னதாகத் தெரிந்தது. அவளுடைய புருஷன் இந்த நாட்டுக்காரர், பொறியியலாளர், செத்துப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. வாரத்தில் மூன்று காலை நான் போக வேண்டும். குளிக்க வார்த்து, இரண்டு காலிலும் இருந்த புண்ணுக்கு மருந்து கட்டி, காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு வர வேண்டும்.

கட்டுப் போட அரை மணி நேரம் பிடிக்கும். நான் சின்ன ஸ்டூலில் இருந்து அவளுடைய காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். அந்த அரை மணி நேரத்தில்தான் அவள் கதை சொல்லுவாள். உடைந்த ஆங்கிலம், ஆனால் ஒரு சொல்லும் வீணாக வராது.

அவள் பனிச்சறுக்கு வீராங்கனை. மலை உச்சியிலிருந்து வழுக்கி இறங்குகிற விளையாட்டைத்தான் நானும் நினைத்தேன். அது வேறு என்றாள். இது ஓட்டம். காலில் நீளமான சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கோலை ஊன்றி, காட்டுக்குள் மேடும் பள்ளமுமாகப் பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டும். கூட்டுப்பண்ணையில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்கே பனியில் சறுக்கித்தான் போனாளாம். பின்னால் இரண்டு வயது குறைந்த தங்கை, அக்காவின் தடத்திலேயே வருவாளாம். பதின்மூன்று வயதில் அவளை விளையாட்டுப் பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு தங்கையையும் சேர்த்தார்கள். இருபது வயதில் அந்த ஓட்டத்தில் அவள் தன் நாட்டின் முதல் ஆள். அப்போது அது சோவியத்தோடு இருந்தது. இருபத்து மூன்றில் வெளிநாட்டில் நடந்த பெரிய போட்டி ஒன்றில் தங்கம் வென்றாள். திரும்பி வந்ததும் ஒரு வீடும் காரும் கிடைத்தனவாம். வேறு எவரும் காருக்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டிய காலம்.

"அழகான விளையாட்டு என்று நினைக்காதே" என்றாள் ஒரு நாள். வாயைத் திறந்தபடியே ஓடுவதால் எச்சில் நாடியில் வழிந்து உறைந்துவிடுமாம். மூக்குச் சளியும் அப்படித்தான். கடைசிக் கோட்டைத் தாண்டியதும் விழுந்து வாந்தியெடுப்பார்களாம். சிலர் ஓடும்போதே உடுப்போடு மூத்திரம் போய்விடுவார்களாம். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டு சொல்லுவாள். எனக்கோ அவள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. கேரம் டவுன்ஸ் கோயிலில் தெரிந்தவர்களைக் கண்டால், நான் ஒரு சாம்பியனின் காலைக் கழுவுகிறேன் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினேன். நாலு பேர் கேட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அவளுடைய பழைய பயிற்சியாளன் வந்தான். சிட்னியில் இருக்கும் பேத்தியைப் பார்க்க வந்தவன், இவளையும் பார்த்துவிட்டுப் போக மெல்பனுக்கு வருகிறான் என்று முதல் நாளே சொன்னாள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியது. சொல்லாமலே அரை மணி நேரம் முன்னதாகப் போய் முன்னறையைத் துடைத்தேன். அவளுக்கு நல்ல சட்டை போட்டு, தலை வாரிவிட்டேன். அவள் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை எண்ணி நெகிழ்ந்து போயிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

எண்பத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்த முதுகு, தேய்த்த கோட்டு, நல்ல வாசனை. ஒரு பெட்டி சொக்லேட்டை என்னிடம் தந்து, குனிந்து என் கையில் முத்தமிட்டான். இந்த நாட்டில் என்னை அப்படி ஒருவரும் நடத்தியதில்லை. கூச்சத்தில் சிரித்துவிட்டு, கோப்பி போட்டு, கேக்கும் வெட்டிக் கொடுத்தேன். அவனோடு நின்று ஒரு படமும் எடுத்து, அப்போதே என் கணவருக்கு அனுப்பினேன்.

பிறகு அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளி, உட்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்களின் முகம் அவனுக்கு. என்னைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னான்: "என்ன நரம்பு பார்! இருட்டிலும் ஊசி ஏற்றலாம்."

வைத்தியராகவும் இருந்திருப்பான் என்று நினைத்தேன்.

அவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். அவன் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். அவள் நெடுநேரம் அதைப் பார்த்தாள். ஏதோ ஒரு கேள்வி கேட்டாள், ஒரே வரி. அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கேக்கில் இன்னொரு துண்டு எடுத்தான். கிரீம் அவன் உதட்டில் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வாடகைக் காரில் ஏறிப் போகும்போது அவன் எனக்குக் கையும் காட்டினான்.

எவ்வளவு நல்ல மனிதர் என்று சொல்லிக்கொண்டே நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுடைய காலைத் தூக்கினேன். அப்போதுதான் அவள் சொன்னாள்.

அவனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறார்களாம். தன்னுடைய பெண்களுக்கு வைட்டமினைத் தவிர வேறெதுவும் அவன் ஏற்றவில்லை என்று அவள் எழுதித் தர வேண்டுமாம். அதில்தான் கையெழுத்துப் போட்டாள்.

"வேறென்ன ஏற்றினான்?" என்று கேட்டேன்.

"இரத்தம்" என்றாள்.

போட்டிக்கு முன் உடம்பில் இரத்தத்தைக் கூட்டினால் மூச்சு தாக்குப்பிடிக்குமாம். மற்ற நாடுகளிலும் செய்தார்களாம். வழக்கமாக அவரவர் இரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றுவார்கள். ஆனால் எடுத்தால் சில வாரத்துக்கு ஆள் தளர்ந்து போவாள். அவளைத் தளரவிட அவனுக்கு மனமில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே இரத்த வகை. அந்தப் பெரிய போட்டி நடந்த பருவத்தில் தங்கையிடமிருந்து மூன்று தடவை எடுத்தார்கள். மருத்துவப் பரிசோதனை என்று தங்கையிடம் சொன்னது யார் தெரியுமா? அக்காதான். ஊசி குத்தும்போது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

"ஏற்றுவதற்கு முன் போத்தல் குளிர்ந்து இருக்கும்" என்றாள். "அப்படியே ஏற்றினால் நடுக்கம் வரும். அதனால் என் கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்குவேன்."

என் கை அவளுடைய புண்ணின் மேல் இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

அவள் நிறுத்தவில்லை. தங்கை அந்தப் பருவம் முழுக்கத் தலைசுற்றி விழுந்தாளாம். ஓட்டத்தில் பின்தங்கிக்கொண்டே போனாளாம். உடம்பு பலவீனம் என்று விளையாட்டுப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கிராமத்துத் தபால் நிலையத்தில் வேலை. அக்கா அந்த மாசியில்தான் தங்கம் வென்றாள். "அவள் என்னைவிட நன்றாக ஓடுவாள்" என்றாள். "இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் என்னை முந்தியிருப்பாள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

நான் கட்டை முடித்தேன். சரியாகத்தான் முடித்தேன். குசினிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். மேசையில் அவன் தந்த சொக்லேட் பெட்டி திறந்தபடி இருந்தது. அதில் இரண்டை நான் ஏற்கெனவே தின்றிருந்தேன்.

வன்னியில் ஷெல்லடி நடந்த நாட்களில் ஆஸ்பத்திரி வாசலில் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றிருக்கிறேன். பத்தொன்பது வயது எனக்கு. யாருக்கு ஏற்றினார்கள் என்று தெரியாது. கொடுத்த பிறகு ஒரு கோப்பை பால் இல்லாத பிளேன்டீயும், கையில் கொஞ்சம் சீனியும் தந்தார்கள். அவ்வளவு பஞ்சத்திலும் சீனி தந்தார்கள். இரத்தம் என்றால் எனக்கு அந்த வரிசைதான். உயிரோடும் சுகத்தோடும் இருந்த ஒருத்தி, ஓடி வெல்லுவதற்காகத் தன் தங்கையின் உடம்பிலிருந்து அதை உறிஞ்சி எடுத்திருக்கிறாள். அக்குளில் வைத்துச் சூடாக்கியிருக்கிறாள். நான் அவளைக் கோயிலில் வைத்துப் பெருமை பேசியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். படத்தை அழித்துவிடச் சொன்னேன். அழித்தார். பிறகு, "அவ செய்ததுக்கு நீர் ஏன் சாப்பிடாமல் இருக்கிறீர்?" என்று கேட்டார். "வேலையை வேலையாப் பாரும்."

வேலையை வேலையாகத்தான் பார்த்தேன். அடுத்த முறை போனபோது, இனிமேல் எனக்குக் கதை வேண்டாம், காலை மட்டும் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் ஒப்புக்கொண்டாள். ஐந்தாறு வாரம் நாங்கள் தண்ணீர்ச் சூட்டைப் பற்றியும் சீழைப் பற்றியும் மட்டுமே பேசினோம். அவளைக் குளிக்க வார்க்கும்போது கையைத் தூக்கினால் அந்த அக்குள் தெரியும். சோப்புப் போட வேண்டும். போடுவேன். கையுறை இரண்டு சோடி போட்டுக்கொண்டு போடுவேன்.

ஒரு நாள் காலைக்குப் பதிலாகப் பின்னேரம் வரச் சொல்லி, அங்கே இப்போதுதான் பகல் என்று தன் போனை என்னிடம் நீட்டினாள். தங்கையோடு முகம் பார்த்துப் பேச வேண்டும், பிடித்துக்கொள் என்றாள். வருடத்தில் ஒருமுறை, கிறிஸ்மஸுக்குத்தான் அவர்கள் பேசிக்கொள்வது வழக்கம். இது புரட்டாதி மாதம். சொல்லப் போகிறாள் என்று எனக்கு விளங்கியது. அந்த நிமிடம் அவள் மேல் என் மனம் கொஞ்சம் இளகியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

தங்கை திரையில் வந்தாள். வட்ட முகம், தலையில் துணி, பின்னால் அடுப்பு. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அக்கா பேசப் பேச அவளுடைய கத்தி நிற்கவில்லை. அக்கா பேசி முடித்த பிறகு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நாலைந்து வசனம் சொன்னாள், சத்தம் உயரவேயில்லை. பிறகு திரை அணைந்தது.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்திருந்தும் கேட்டுவிட்டேன்.

"அவளுக்குத் தெரியுமாம்" என்றாள். "அந்த வருடம் காலுறை கேட்டு என் அறைக்கு வந்தாளாம். நான் குளியலறையில் இருந்தேனாம். கட்டிலில் கிடந்த கம்பளிச் சட்டைக்குள் போத்தல் இருந்ததாம். அதில் அவளுடைய பெயர் எழுதியிருந்ததாம். நானாகச் சொல்லட்டும் என்று இருந்தாளாம். அடுப்பில் பானை கொதிக்கிறதாம், போக வேண்டுமாம்."

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். நாற்பது வருடத்துக்கு மேல். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்தத் தங்கை போனை எடுத்து, இந்த வருடமாவது சொல்லுவாள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். 

அவள் அழவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"அப்படியென்றால் பரவாயில்லை" என்றாள். "அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நான்தான் வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன்."

பிறகு பசிக்கிறது என்றாள். இரண்டு முட்டை கேட்டாள். வழக்கமாக ஒன்றுதான் சாப்பிடுவாள். நான் பொரித்துக் கொடுத்தேன். அவள் பாணைத் துண்டாக்கி மஞ்சட்கருவில் தோய்த்துத் தின்றதை நின்று பார்த்தேன். மஞ்சள் நாடியில் வழிந்தது. துடைத்துவிடுவது என் வேலை. துவாயை அவளிடம் கொடுத்து, நீங்களே துடையுங்கள் என்றேன். பதினொரு வருடத்தில் நான் அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைத் திரும்பக் கேட்டு அவனுக்கு எழுதுங்கள் என்று அடுத்த முறை சொல்லிப் பார்த்தேன். தங்கையே விட்டுவிட்டாள், உனக்கென்ன என்றாள்.  உண்மையில் எனக்கு அதில் ஒன்றுமில்லைதான். ஆனால் அந்த வீட்டுக் கதவைத் திறக்கும்போதே எச்சில் ஊறி வாயில் நிறையத் தொடங்கியிருந்தது, கர்ப்பமாக இருந்த நாட்களில் மீன் வாசனைக்கு ஊறினதுபோல.

ஏஜென்சியில் சொல்லி வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டேன். காரணம் கேட்டார்கள். தூரம் என்றேன். அவள் தங்கம் வென்ற அன்று கூட்டத்துக்கு முன்னால் அவளைத் தூக்கிப் பிடித்தவர்களும் இப்படித்தான் ஏதோ ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள் என்று வீடு வரும் வழியில் நினைத்தேன். அவர்களோடு என்னையும் சேர்த்துப் பார்த்தது எனக்கே பிடிக்கவில்லை.

எனக்குப் பதிலாகப் போன பெண் பஞ்சாப்காரி, வேலைக்குப் புதிது. ஒரு காலையில் எனக்குப் போன் எடுத்தாள். இடது காலில் கட்டு நழுவுகிறது, எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டாள். கால்விரல்களின் அடியில் இருந்து தொடங்கி மேலே சுற்ற வேண்டும், பாதியில் விடக்கூடாது, தண்ணீர் கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, போனை வைக்கப் போனவள் திரும்பவும் பேசினாள்.

"அன்ரி, அவங்க பெரிய சாம்பியனாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

தெரியும் என்றேன்.  புண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆறி வருகிறது என்றாள்.