ஒன்றரைக் கட்டை கீழே

1994இல் ஜோவிதா கோயமுத்தூர் மாலைப் பத்திரிகை ஒன்றில் பாட்டுக் கச்சேரிகளைப் பற்றி எழுதத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. அதை வேலை என்று சொல்ல முடியாது. அடையாள அட்டை இல்லை, உட்கார ஒரு மேசையும் இல்லை. ஞாயிறு இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அப்புசாமி, அவள் தபாலில் அனுப்பிய கிறிஸ்துமஸ் பாடல் போட்டிக் கட்டுரையை அச்சில் போட்டுவிட்டு அவளை வரச் சொன்னார். சினிமாப் பாட்டைப் பற்றி எழுத மெட்ராஸில் ஆள் இருக்கிறது, சபா கச்சேரிக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், கோயில் திருவிழாக் காலத்தில் நோம்பிக்கு நோம்பி ஊர் ஊராகப் போய் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராக்களைப் பற்றி எழுதத்தான் ஒருவரும் இல்லை என்றார்.

அவளுக்கு அது பிடித்துப்போனது. புலியகுளம் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடியவள். எந்த வாத்தியம் பிந்துகிறது, யாருடைய சுருதி விலகுகிறது என்று அவள் காதுக்குத் தானாகவே தெரியும். மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா இன்னாசிமுத்து ஷிப்ட் இல்லாத நாட்களில் துணைக்கு வருவார். அவருக்குக் கூட்டத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவள் ஒலியைக் கலக்குகிற மிக்ஸர் வைத்திருக்கும் மேசையோரம் போய் நின்றுகொள்வாள். எல்லா வாத்தியமும் சரிசமமாகக் கேட்கிற இடம் அதுதான்.

அந்த மாசியில் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் நோம்பிக்கு மயில்சாமியின் ஆர்கெஸ்ட்ரா வந்திருந்தது. கோவை மாவட்டத்தில் அன்று அதிக மேடை ஏறிய குழு அது. பெண் குரலுக்குச் சாஜிதா பேகம் என்று உக்கடத்துக்காரர் ஒருவர் பாடினார். வயது முப்பத்தைந்து இருக்கும். சனங்கள் ஒன்ஸ்மோர் கேட்ட ஒரு பாட்டின் சரணத்தில் அவர் குரல் உடைந்தது. அடுத்த சரணத்திலும் அதே இடத்தில் உடைந்தது. பின்வரிசையில் விசில் கிளம்பியது. நடந்ததை ஜோவிதா அப்படியே எழுதினாள். ‘சாஜிதா பேகத்தின் குரல் மேலே போகும்போது தாங்கவில்லை’ என்று ஒரே ஒரு வரி.

கொஞ்ச நாள் கழித்துச் சாஜிதா அவள் வீடு தேடி வந்தார். சண்டைக்கு வரவில்லை. டீ குடித்தார், அப்பாவிடம் மில்லைப் பற்றி விசாரித்தார். பிறகு, மயில்சாமி அந்த வரியை வெட்டி ரிகர்சல் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதையும், அடுத்த புரோகிராமுக்குத் தொண்டாமுத்தூர்ப் பெண் ஒருத்தியைப் பேசிக்கொண்டிருப்பதையும் சொன்னார்.

“நீ எழுதுனதுல பொய் ஒண்ணுமில்ல கண்ணு. குரல் ஒடஞ்சுதுதான். அந்தப் பாட்டோட சுருதியை ஒன்றரைக் கட்டை எறக்கிக் குடுங்கன்னு நான் மொதல்லயே கேட்டேன். முழுசாப் பாடிப்போடுவேன்னு சொன்னேன். எறக்க மாட்டேன்னுட்டாங்க.”

ஜோவிதாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மேடையில் கேட்டதைத்தானே எழுத முடியும், மேடைக்குப் பின்னால் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவள் பாடா? ஆனால் கோயிலில் அவளும் கீழ்க்குரல் பாடுகிறவள். ஆள் வராத ஒரு ஈஸ்டருக்கு மேல்குரல் வரிசையில் நிற்க வைத்துவிட, வாயை மட்டும் அசைத்துச் சமாளித்திருந்தாள். அடுத்த ரிகர்சல் எப்போது என்று சாஜிதாவிடம் கேட்டாள்.

டவுன்ஹால் பக்கம் ஒரு ரேடியோக் கடையின் மாடியில் ரிகர்சல் நடந்தது. பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறாள் என்று மயில்சாமி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஆண் பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைக்குக் குரல் சரியில்லை என்றார். கீபோர்டு வாசித்த வின்ஸ்டன் பட்டனை அழுத்தி ஒரு கட்டை இறக்கினான். கிடார்காரரும் முணுமுணுக்காமல் பிடியை மாற்றிக்கொண்டார். சாஜிதாவின் பாட்டு வந்தது. அவரும் இறக்கித் தரச் சொல்லிக் கேட்டார். புதுப் பிடியில் வாசித்துப் பழக்கமில்லை என்று அதே கிடார்காரர் சொன்னார். பாட்டு பழைய உயரத்திலேயே தொடங்கியது.

இடைவேளையில் ஜோவிதா மயில்சாமியிடம் காரணம் கேட்டாள்.

“கேசட்டுல எப்படி இருக்குதோ அப்படித்தானுங்க அம்மணி சனம் கேக்கும்” என்றார்.

“அண்ணன் பாட்டை மட்டும் ஏனுங்க எறக்குனீங்க?”

காப்பி சொல்லட்டுமா என்று மயில்சாமி கேட்டார்.

ரிகர்சலில் கண்டதைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்த கட்டுரை அப்புசாமியின் மேசையில் பல நாள் கிடந்தது. நோம்பிக் காலத்தில் மயில்சாமி குழுவின் விளம்பரம் அதே பத்திரிகையில்தான் வரும். குழுவின் பெயரை எடுத்துவிட்டால் போடலாம் என்றார் அவர். ஜோவிதா ஒப்புக்கொண்டாள். சாஜிதாவின் பெயரை வைக்கலாமா என்பதை மட்டும் அவரிடமே போய்க் கேட்டாள். வேறு குழுக்களும் கூப்பிடாமல் போகலாம் என்று எச்சரித்தாள். “என் பேரைப் போட்டுத்தானே குரல் ஒடஞ்சதை எழுதுன? இதையும் போட்டே எழுது” என்றார் சாஜிதா.

கட்டுரை பாதியாக வெட்டப்பட்டு வெளிவந்தது. எந்தக் குழு என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. மயில்சாமி சாஜிதாவை அப்புறம் கூப்பிடவேயில்லை. ஜோவிதாவையும் மிக்ஸர் பக்கம் விடவேண்டாம் என்று மற்ற குழுக்களுக்குச் சொல்லிவைத்தார். சில மாதங்கள் அவள் சோளப்பொரிக் கடைகளுக்கு நடுவே, ஒலிபெருக்கி இரைச்சலில் நின்றுதான் கேட்டாள். இது ஒத்துவராது, பேங்க் பரீட்சை எழுது என்று அப்பா சொன்னார். எழுதினாள். தேறவில்லை.

ஆவணியில் வின்ஸ்டன் மயில்சாமியை விட்டு வந்தான். அவனும் சாஜிதாவும் ரிதம் பேட் என்கிற மின்தாளம் வாசிக்கிற பையனையும் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கத் தொடங்கினார்கள். காங்கேயத்தில் எண்ணெய் ஆலைக்காரர் வீட்டு வரவேற்பு ஒன்றுக்கு ஜோவிதா போயிருந்தாள். பொள்ளாச்சியில் உடைந்த அதே பாட்டைச் சாஜிதா ஒன்றரைக் கட்டை கீழே பாடினார். கேசட்டில் மினுக்கலாக ஓடுகிற பாட்டு அது. அவர் குரலில் கனமாக, கொஞ்சம் துக்கமாகக்கூட இருந்தது. பந்திக்குப் போக எழுந்த சிலர் நின்று கேட்டார்கள். இது வேறு பாட்டு போலிருக்கிறது என்று ஜோவிதாவுக்குத் தோன்றியது. நன்றாக இருந்தது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தேடி, பஸ்ஸில் ஊர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

அதைப் பற்றி எழுதியதை உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. மெட்ராஸ் வார இதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். ரிதம் பேட் சத்தம் குரலை அமுக்குகிறது என்றும் அதில் எழுதியிருந்தாள். படம் வேண்டும் என்று இதழிலிருந்து பதில் வந்தது. சாஜிதாவையும் வின்ஸ்டனையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்து அனுப்பினாள். இதழ் வந்த அன்று சாஜிதா பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டார். படம் நல்லா வந்திருக்குது, ஆனால் தன் சத்தத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பேட் வாசிக்கிற பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்றார். கொங்கு நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களைப் பற்றி அந்த இதழுக்கு அவள் தொடர்ந்து நான்கு வருடம் எழுதினாள்.