தாமதமாக வந்தால் இரண்டு சுற்று

சேலத்தில் உடற்கல்விப் படிப்பை முடித்துவிட்டு அரூருக்குத் திரும்பியபோது என் கையில் ஒரு சான்றிதழும் ஒரு விசிலும் இருந்தன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிப்பு முடிந்த மறுமாதமே வேலை வந்துவிடும் என்றுதான் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா புளி மண்டியில் மூட்டை தூக்குகிறார். அவர் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும்போது நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பது எனக்கே நன்றாக இல்லை.

அந்தச் சமயத்தில் ஊர் டாக்டர் ஒருவர், தன்னிடம் வந்த தொப்பைக்காரர்களை எல்லாம் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார். அவர்களும் நடந்தார்கள், பஸ் ஸ்டாண்டிலிருந்து டீக்கடை வரை. அங்கே ஆளுக்கு இரண்டு போண்டா தின்றுவிட்டுத் திரும்பி நடந்தார்கள். அவர்களில் ஒருவரான தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீ இதுக்குன்னே படிச்சவன்தான? ஒரு மாசமா நடக்கறோம், பேண்ட்டு இன்னும் டைட்டாத்தான் ஆவுது. எதாச்சும் சொல்லிக் குடேன்.”

பள்ளியில் படிக்கும்போது தேசிய மாணவர் படை முகாமுக்குப் போயிருக்கிறேன். அதே மாதிரி முப்பது நாள் முகாம் ஒன்று நடத்துவது என்று முடிவு செய்தேன். தலைமையாசிரியரைப் பார்த்து, ஏழு மணிக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லிப் பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கினேன். ஒரு அட்டையில் விதிகளை எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். காலை ஐந்தரைக்குத் தொடக்கம். வெறும் வயிறு. பீடி, சிகரெட் கூடாது. ஞாயிறு விடுமுறை, எங்களுக்குச் சர்ச்சில் பூசை. தாமதமாக வருகிறவர் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும், யாராக இருந்தாலும். ‘யாராக இருந்தாலும்’ என்பதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன். அந்தக் கோட்டைப் போடும்போது நான் யாரையும் மனதில் நினைக்கவில்லை.

முதல் நாள் பத்துப் பேர் வந்து நின்றார்கள். தை மாதக் குளிர். எல்லோர் தலையிலும் மப்ளர். விசிலை வாயில் வைத்தபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் அப்பாவின் முதலாளி.

ஊதாமல் விசிலைக் கீழே இறக்கினேன். அப்பா அவரிடம் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறார். நான் படித்ததெல்லாம் அப்பா அந்த மூட்டைகளைத் தூக்கிய காசில்தான். “நாளையிலருந்து வராத” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஐம்பது வயதுக்காரரை வேறு எந்த மண்டியும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளாது.

முகாமில் கட்டளை சுருக்கமாக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். அப்பா வயதுக்காரர்களைப் பார்த்து அப்படிக் கத்த எனக்கு வாய் வரவில்லை. “உக்காருங்க… எந்திரிங்க… கைய கொஞ்சம் மேல தூக்குங்க” என்று பந்தியில் பரிமாறுகிறவன் மாதிரி வரிசை நடுவே நடந்துகொண்டிருந்தேன். பத்தாவது தடவை உட்கார்ந்த மூன்று பேர் எழவே இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே புளி விலையைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மைதான வாசலில் இட்லி விற்கும் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏந்தம்பி, இத்தன பேரும் ஒண்ணா குதிச்சா பள்ளிக்கூடத்துச் செவுரு நிக்குமா?” என்று கேட்டாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “ஆனா நிறுத்திப்புடாத. முடிச்சுட்டு வந்து ஆளுக்கு எட்டு இட்லி திங்கறாங்க” என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா மண்டியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

“மொதலாளி இன்னிக்கு உக்காரவும் முடியாம எந்திரிக்கவும் முடியாம மொனகிக்கிட்டு இருந்தாரு. எல்லாம் உம் பையன் வேலதான்னாரு. சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரா, கோவமாச் சொன்னாரான்னு தெரியல. என்னடா பண்ணுன அவர?”

“உக்காந்து எந்திரிக்க வெச்சன்ப்பா.”

“அவரையா?”

அப்பா சட்டையைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றார். “பாத்து நடந்துக்க சாமி. முடியலன்னா ஒரு ஓரமா உக்கார வெச்சுடு. ஓட கீட உட்டுடாத.”

சரி என்றேன். ஆனால் முதலாளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. மண்டிச் சாவி அவரிடம்தான். அவர் வந்தால்தான் கதவு திறக்கும். அவர் வரும் நேரம் எதுவோ அதுதான் திறக்கும் நேரம். முகாமும் அப்படித்தான் என்று அவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டாம் நாளிலிருந்தே ஐந்தே முக்காலுக்கு வருவார், ஐந்து ஐம்பதுக்கு வருவார். நேராக வந்து வரிசையில் நின்றுகொள்வார். நான் வானத்தைப் பார்த்து விசில் ஊதுவேன்.

எட்டாம் நாள் கிளார்க் ஐந்து நிமிடம் பிந்தி வந்தார். சட்டப்படி இரண்டு சுற்று ஓடினார். ஓடி முடித்து, முழங்காலில் கையூன்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். யாராக இருந்தாலும்னு போட்டு அடியில கோடெல்லாம் போட்டிருக்கியே, மோட்டார் சைக்கிள்ல வந்தா அது சேராதா?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குத் தெரியவில்லை. படித்து வந்து நான் எழுதிய முதல் சட்டம் அது. அதை நானே எட்டு நாளில் கெடுத்து வைத்திருந்தேன்.

மறுநாள் முதலாளி வந்தபோது ஆறு மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தது. வரிசையில் நிற்கப் போனவரின் முன்னால் போய் நின்றேன்.

“ரெண்டு ரவுண்டு ஓடணுங்க, மொதலாளி.”

“யாரு, நானா?”

“ஆமாங்க. லேட்டுங்க.”

வாசலில் இட்லி அக்கா குண்டான் மூடியைத் திறந்தபடியே எங்களைப் பார்த்து நின்றாள்.

“உங்கப்பன் எங்கிட்ட எத்தன வருசமா இருக்கறான், தெரியுமா?”

“பதினேழு வருசங்க. ஒரு நாளும் லேட்டா வந்ததில்லீங்க.”

எதிர்த்துப் பேச வேண்டும் என்று நான் அதைச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதில் அதுதான். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். முதல் அரைச் சுற்று ஓட்டம், மீதி நடை. நானும் கூடவே போனேன். முடித்ததும் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, வரிசைக்கே வராமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா வந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

“நாளெல்லாம் எம் மொகத்தப் பாக்கலடா. ஒரு வார்த்த பேசல. லோடு எறக்கச் சொல்லவும் வேற ஆள உட்டுத்தான் சொன்னாரு.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “காலையில நானே அங்க வந்து மன்னிப்பு கேட்டுக்கறன். நீ எதும் பேசாத.”

மறுநாள் ஐந்து மணிக்கே நான் மைதானத்துக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் ஒருவர் வந்து, இருட்டில் கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். முதலாளி. மோட்டார் சைக்கிளைக் காணோம். நடந்தே வந்திருக்கிறார். “வாத்தியாரே, மணி பாத்துக்க” என்றார். அவ்வளவுதான். அது கோபமா, சிரிப்பா என்று அந்தக் குரலை வைத்து எனக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்தரைக்கு விசில் ஊதினேன். உட்கார்ந்து எழுந்து இருபது எண்ணியாயிற்று. அப்பா வரவில்லை. கொஞ்சம் வெளுக்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன், அவர் வெளியே இட்லி அக்காவின் பக்கத்தில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் வரும், இறங்கியதும் காலைப் பிடித்துவிடலாம் என்று காத்திருக்கிறார். அக்காதான் மைதானத்துப் பக்கம் கையைக் காட்டினாள். அப்பா திரும்பிப் பார்த்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அரை ஓட்டமாக உள்ளே வந்தார்.

“மொதலாளி, பையன் ஏதோ தெரியாத்தனமா…”

“அது கெடக்கட்டும்” என்றார் முதலாளி. “இப்ப மணி என்ன?”

அப்பாவுக்குப் புரியவில்லை. “ஆறேகால் இருக்குமுங்க.”

“அப்ப லேட்டு. என்னா வாத்தியாரே, சட்டம் எனக்கு மட்டுந்தானா? உங்கப்பனுக்குக் கெடையாதா?”

கிளார்க் கைதட்டினார். அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு நான் ஒரு உத்தரவும் போட்டதில்லை. தண்ணீர் கேட்டால்கூட அம்மாவிடம்தான் கேட்பேன்.

“ரெண்டு ரவுண்டு ஓடுங்கப்பா” என்றேன்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். முதுகில் மூட்டை இல்லாமல் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. முதல் சுற்றில் தலையைக் குனிந்துகொண்டு, சுமை இருக்கிற மாதிரியே ஓடினார். இரண்டாவது சுற்றில் நிமிர்ந்துவிட்டார். மூன்றாவது சுற்றும் போனார். “ரெண்டுதாங்க, ரெண்டுதாங்க” என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை.

“யோவ், போதும் நில்லுய்யா!” முதலாளி வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டார். “எட்டு மணிக்கு ஊத்தங்கரயிலருந்து புளி லோடு வருது. நீ இங்கியே சக்தியெல்லாம் உட்டுட்டா அங்க எறக்கறது யாரு, நானா?”

அப்பா சட்டென்று நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, “நான்தாங்க வரணுமா மொதலாளி?” என்று கேட்டார்.

“பின்ன? உம் பையனா வரப்போறான்? அவனுக்கு இன்னும் இருவது நாளு வேல இருக்குதுல்ல இங்க.”

அப்பா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே வெகுநேரம் முகத்தை மூடியிருந்தார். எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.