முன்வரிசைக்காரனின் முதுகு

வெளியில் பனி கொட்டுகிறது என்று நான் சொன்னால், என் மகன் எழுந்துபோய் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்துப் போடுவான். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இப்படித்தான். அவனில் பிழையில்லை. உயிரோடிருந்த என் தங்கையைச் செத்துவிட்டாள் என்று அவனிடம் சொன்னவன் நான். தெரியாமல் சொல்லவில்லை. பொய் என்று தெரிந்தே சொன்னேன். தங்கை இப்போது உண்மையிலேயே இல்லை. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மகன் கஜன் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடியவன். அதில் லைன்மன். அந்த வேலையை நம்மவருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். பந்தை எறிபவனுக்கு முன்னால் முந்நூறு இறாத்தல் உடம்போடு குனிந்து நிற்க வேண்டும். எதிரே பாய்ந்து வருபவர்களை நெஞ்சால் மறிக்க வேண்டும். பந்தை அவன் தொடுவதேயில்லை. ஒலிபெருக்கியில் அவனுடைய எண்ணைச் சொல்வது பெரும்பாலும் அவன் பிழைவிட்டால் மட்டும்தான். தமிழ்க் கடையில் ஒருமுறை ஊர்க்காரர் சிவம் கேட்டார்: "மாஸ்டர், லைன்மன் எண்டால் எங்கடை ஊரிலை கரண்ட் போஸ்ட்டிலை ஏறுறவனெல்லோ? உதுக்கே பெடியனைக் கனடாவுக்குக் கூப்பிட்டனீங்கள்?" எல்லோரும் சிரித்தார்கள். ஊரில் இரசாயனம் படிப்பித்த எனக்கு அந்தச் சிரிப்பு உள்ளே தைத்தது.

நானும் மனைவியும் இங்கே வந்து காலூன்றும்வரை அவனை வளர்த்தவள் கிளிநொச்சியில் இருந்த என் தங்கை ராணி. கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள். அவனுக்கு அவள் மாமி. அவன் மலைபோல வளர்ந்த பிறகும் தொலைபேசியில் அவளுக்கு அவன் "என்ரை குஞ்சு"தான். "எனக்குக் கொள்ளி வைக்கிறது நீதான்ரா" என்று அவனிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தாள்.

2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், வன்னி ஒரு கடற்கரைத் துண்டாகச் சுருங்கியிருந்தது. ராணியிடமிருந்து பல வாரங்களாகச் செய்தியில்லை. போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் ரொறன்ரோ நகர வீதிகளில் பதாகையோடு நின்றோம். அமெரிக்காவில் ஒரு தொழில்முறை அணி கஜனைப் பயிற்சி முகாமுக்கு அழைத்திருந்தது. வடித்தெடுத்து மிஞ்சுபவனுக்குத்தான் இடம். வீதியில் சிவம் என் காதுக்குள் கேட்டார்: "மாஸ்டர், ஊர்ச் சனம் பதுங்குகுழிக்கை. உங்கடை மகன் அங்கை பந்து விளையாடுறானாம், மெய்யே?"

அந்த நடைபாதையில் நின்றே மகனுக்கு அழைத்தேன். வரச் சொன்னேன்.

"அப்பா, இப்ப விட்டிட்டு வந்தா it's over. ரெண்டு கிழமை பொறுங்கோ, ப்ளீஸ். மாமியின்ரை நியூஸ் ஏதும் வந்ததோ?"

"மாமி செத்துப்போட்டா" என்றேன். "நீதான் எல்லாம் செய்யவேணும்."

அடுத்த நாள் வந்துவிட்டான். உடல் இல்லை, படத்தை வைத்து மொட்டையடித்துக் கிரியை செய்தான். பிறகு வீதியில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். சிவம் அவன் தோளைத் தட்டி, "இவன்தான் பெடியன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அணி அவனுடைய இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டது. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் வேலிக்கு மேலால் என் கையைப் பிடித்து, கேள்விப்பட்டேன், பெரிய இழப்பு என்றார். உடல்கூடக் கிடைக்கவில்லை என்றேன். அவர் திகைத்துப்போய் நின்றார். அவர் சொன்னது மகனின் இடத்தை. மருத்துவபீடம் கிடைத்த பிள்ளையை வீட்டில் மறித்து வைத்ததைப் போன்ற காரியம் அது என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில நாட்களில், வவுனியா அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய தொலைபேசியில் குரல் வந்தது. "அண்ணை, நான் ராணி." கஜன் தரையில் குந்தியிருந்து அழுதான். அந்த நாட்களில் பிழையான செய்திகள் எத்தனையோ வந்தன. இதுவும் அவற்றில் ஒன்று என்று எல்லோரும் நினைத்தார்கள். ராணியே சிரித்தாள். "செத்ததெண்டு சொன்னால் ஆயுசு கெட்டியாம் அண்ணை. அந்தியேட்டிக்கு என்ன சமைச்சனீங்கள்?" என் பிழையை எந்த ஒலிபெருக்கியும் சொல்லவில்லை.

கஜனை அமெரிக்கா திரும்ப அழைக்கவில்லை. கனடிய அணியொன்றில் சில வருடங்கள் விளையாடினான். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். பந்தைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒலிபெருக்கியில் அவன் எண் கேட்காத நாட்களில் நிம்மதியாக வீடு திரும்புவேன். கடைசியில் முழங்கால்கள் இரண்டும் போயின. சத்திரசிகிச்சைக்குப் பிறகு பிறம்ரனில் அவன் வீட்டுக்குப் போனேன். காலில் ஐஸ் பையோடு கிடந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அமெரிக்க அணியின் பயிற்சியாளரிடம் நானே வந்து சொல்லட்டுமா என்றும் கேட்டேன்.

"அந்தக் கோச் எப்பவோ ரிட்டயர் பண்ணிட்டார் அப்பா." ஐஸ் பையைத் திருப்பி வைத்தான். "மாமிக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சொல்லாதேங்கோ. She'll feel it was because of her." பிறகு, "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றான்.

சண்டை பிடித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவன் அதற்கு இடம் தரவில்லை. அன்றிலிருந்து நான் சொல்லும் எதையும் யன்னலில் சரிபார்ப்பதோடு சரி.

முகாமிலிருந்து கிளிநொச்சிக்கே திரும்பியிருந்த ராணி கடந்த மாசியில் இறந்தாள். நான்தான் அழைத்துச் சொன்னேன். கஜன் உடனே அழவில்லை.

"இந்த முறை உண்மையோ அப்பா?"

"உண்மை."

"அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ? அவவிட்டைக் குடுங்கோ."

தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தேன். அன்றே விமானம் ஏறினான்.

என் இதயம் விமானப் பயணத்தைத் தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சமையலறை மேசையில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துக் கிளிநொச்சியைப் பார்த்தேன். இங்கே பனி வழிக்கும் வண்டி வீதியை உரசிக்கொண்டு போனது. அங்கே வெயில் கண்ணைக் கூசவைத்தது. தேவாரம் முடிந்ததும் கஜன் அவள் காலடிக்கு வந்தான். விழுந்து கும்பிட முழங்கால் மடியவில்லை. ஒரு கையை நிலத்தில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தலையைத் தாழ்த்தி நின்றான். மைதானத்தில் பந்து அசையும் முன் நிற்பானே, அதே நிலை.

படம் பிடித்தவர் அவனுக்குப் பின்னால் நின்றார். வேட்டி கட்டிய அந்த முதுகு திரை முழுவதையும் மறைத்தது. தோளின் ஓரத்தால் ஒரு கீற்று முற்றமும் ராணியின் ஒரு பாதமும் மட்டும் தெரிந்தன. அவளுடைய முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது. விலகச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை.