காலி நாற்காலியில் அக்கா

செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் இருக்கும் என் அக்கா, நான் பிறந்ததிலிருந்து என்னை "ஏலே" என்றுதான் கூப்பிட்டாள். கோபத்திலும் ஏலே, சோறு போடும்போதும் ஏலே, எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் தகப்பனார் முன்னாலேயும் ஏலே. மூன்று வருஷத்துக்கு முன்னால் அது நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் போய் நின்றால், "வாங்க தம்பி, உக்காருங்க" என்றாள். காபி வந்தது, முறுக்கு வந்தது, வேலை எப்படிப் போகிறது என்ற விசாரணை வந்தது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அக்கா தம்பிக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டால் தம்பி வெளியாள் ஆகிவிட்டான் என்று அர்த்தம்.

காரணம் நான்தான். இதில் மட்டும் எனக்குப் போட்டியே கிடையாது.

அக்கா ஊரில் தமிழ் மீடியத்தில் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்தாள். அத்தான் குடும்பம் நாலு தலைமுறையாக செகந்திராபாத்தில் இருப்பவர்கள். வீட்டில் தமிழும் தெலுங்கும் தக்கனி உருதும் ஒரே குழம்பு. கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போவது மட்டும் இங்கிலீஷ் ஆராதனைக்கு. அங்கே சபையார் முன்னால் வேதபாடம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அக்கா வருஷக்கணக்கில் பயந்துவிட்டு, ஒருநாள் தானாகவே பெயரைக் கொடுத்தாள். வரிக்கு அடியில் ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டு மெதுவாக வாசிப்பாள். வாயில் நுழையாத பெயரோடு பழைய ஏற்பாட்டு ராஜா யாராவது குறுக்கே வந்தால் நிற்பாள், எச்சில் முழுங்குவாள், பிறகு ஒரே மூச்சில் அந்த ராஜாவைத் தாண்டிவிடுவாள்.

அவளுடைய வெள்ளிவிழா கல்யாண நாள் அன்று மைக் என் கையில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் மைக் எப்போதும் என்னிடம்தான் வரும்; வேறு எதையும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். மேஜைமேல் சாப்பாட்டு மெனு அட்டை கிடந்தது. எடுத்தேன். அக்கா மாதிரியே விரலை ஓட்டினேன். சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் வந்ததும் நின்று எச்சில் முழுங்கினேன். குபானி கா மீட்டாவை ஒரே மூச்சில் தாண்டினேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெற்றி வீரனாக வீட்டுக்குப் போனேன்.

மூன்று மாதம் கழித்து அத்தான்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அடுத்த வாரமே அக்கா பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டாளாம். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், நக்கோன்னுட்டா" என்றார். நக்கோ என்றால் வேண்டாம். அதற்குமேல் அந்த வார்த்தையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குள் ஏதோ சிக்கிக்கொண்டது.

சிக்கிக்கொண்டது கழுத்தில். இடது பக்கம் திரும்ப முடியவில்லை. ஸ்கேன் எடுத்த டாக்டர், கழுத்து அருமையாக இருக்கிறது என்று பாராட்டி அனுப்பினார். என் மனைவிதான் கண்டுபிடித்தாள். மல்காஜ்கிரிக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் எனக்குக் கழுத்து பிடிக்கிறதாம். பிரச்சினை கழுத்தில் இல்லை, அதற்கு மேலே உள்ள பாகத்தில் என்று தீர்ப்புச் சொல்லி, கொண்டாப்பூரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு மனநல கவுன்சிலரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

கவுன்சிலர் ஐம்பது வயதுத் தெலுங்குக்கார அம்மா. பேச்செல்லாம் இங்கிலீஷும் இந்தியும் கலந்துதான். தன்னுடைய முறை கெஸ்டால்ட் என்றார். வாயுக்கோளாறு மாத்திரையின் பெயர் போல இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு ஜோக் சொன்னேன். சிரிக்கவில்லை. தொழில்ரீதியாக நான் இவ்வளவு அவமானப்பட்டதே இல்லை. மூன்றாவது ஜோக்குக்குப் பிறகு அவர் ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "இவ்வளவு நேரம் இங்கே இருந்தீர்கள். இப்போது எங்கே போனீர்கள்?"

நாற்காலியில்தான் இருந்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை, நான் அங்கே இல்லை.

அவருடைய முறையைப் பற்றி எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மனதில் முடியாமல் கிடக்கும் காரியம் ஒன்று இருந்தால், அது மற்ற எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும். அதைப் பற்றி வருஷக்கணக்கில் கதை சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. இங்கே, இந்த அறையில், இப்போதே அதைச் செய்து பார்க்க வேண்டும். அவர் ஒரு தடவைகூட 'ஏன்' என்று கேட்கவில்லை. 'ஏன்' என்று கேட்டால் சொல்ல நான் மூன்று அருமையான காரணங்களோடு போயிருந்தேன். மூன்றும் வீணாயின. அவர் கேட்டதெல்லாம், இப்போது என்ன நடக்கிறது, உடம்பில் எங்கே, எப்படி, இவ்வளவுதான்.

இரண்டாவது தடவை போனபோது எனக்கு எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டார். பச்சை குஷன் வைத்த மர நாற்காலி. "உங்கள் அக்கா அங்கே உட்கார்ந்திருக்கிறார். பேசுங்கள்."

அக்காவுக்கு இந்த நாற்காலி பத்தாது என்று வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். "போயிட்டேன் மேடம், வந்துட்டேன்" என்றேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அக்காவிடம் இங்கிலீஷிலா பேசுவீர்கள் என்று கேட்டார். தமிழில் பேசினால் உங்களுக்குப் புரியாதே என்றேன். "எனக்குப் புரிய வேண்டியதில்லை. நாற்காலிக்குப் புரிந்தால் போதும்" என்றார்.

நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்க முயன்றேன். "சொல்ல முடியல" என்று அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். முடியல என்பதற்குப் பதிலாக மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார். "எக்கா, உன்ட்ட மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்று சொன்னேன். சொன்னவுடன் உண்மை பளிச்சென்று தெரிந்துவிட்டது. கேட்க முடியாமல் இல்லை, கேட்க மாட்டேன் என்றுதான் மூன்று வருஷமாக முறுக்கு தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

அப்போது அவர் என் வலது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரல் தானாக நாற்காலிக் கைப்பிடிமேல் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப்போனேன். நிறுத்த வேண்டாம், இன்னும் பெரிதாகச் செய்யுங்கள் என்றார். விரலை ஓட்டினேன். இன்னும் பெரிதாக. கையையே ஓட்டினேன். அது அக்கா வாசிக்கும் விரல். அந்தக் கல்யாண நாள் நடிப்பு முழுதாகத் திரும்பி வந்தது, நிறுத்தம், எச்சில், மூச்சு எல்லாம். மைக் இல்லை, கூட்டம் இல்லை, சிரிக்க ஆளில்லை. அந்த நிசப்தத்தில் எனக்குத் திடீரென்று தெரிந்தது, இது அக்காவின் விரலே இல்லை.

நானும் அதே தமிழ் மீடியம்தான். ஆபீஸ் மீட்டிங்கில் எதையாவது சத்தமாக வாசிக்கச் சொன்னால் திரையில் இதே விரலை ஓட்டுகிறவன் நான். வாய்க்குள் நுழையாத வார்த்தை வருவதற்கு இரண்டு வரி முன்னாலேயே ஒரு ஜோக்கை அடித்து, எல்லோரும் சிரிக்கிற சத்தத்தில் அந்த வரியைத் தாண்டிவிடுகிறவன். அக்கா பயத்தோடு எழுந்து நின்று வாசித்தாள். நான் என் பயத்தைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டு மைக்கில் அறிவித்திருக்கிறேன். இந்த வியாதிக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது, புரொஜெக்‌ஷன் என்றார் அந்த அம்மா. ஆபீஸில் புரொஜெக்டரைக் கண்டு பயப்படுகிறவனுக்குச் சரியான தண்டனைதான்.

பிறகு நாற்காலி மாறி உட்காரச் சொன்னார். அக்காவாக நான் பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்த வேகத்தில் அக்கா என்னை மன்னித்துவிட்டாள். "போகட்டும் விடுலே" என்றாள். ரொம்ப சீக்கிரம் மன்னிக்கிறார் போலிருக்கிறதே என்றார் கவுன்சிலர், குரலின் தொனியை வைத்தே. பிறகு சொன்னார், இது உங்களுக்குள் இருக்கும் அக்கா, மல்காஜ்கிரியில் இருப்பவர் என்ன சொல்வார் என்று அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மல்காஜ்கிரிக்குப் போனேன். கழுத்து பிடித்திருந்தது. இந்தத் தடவை அதையும் கூட்டிக்கொண்டே போனேன். மழைக்காலம். அக்கா வீட்டில் காலி நாற்காலி என்று ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றின் மேலும் ஈரத்துணி. அத்தானின் பேண்ட் ஒரு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அத்தான் டிவி முன்னால் இருந்தார்.

"வாங்க தம்பி" என்றாள் அக்கா. ஒரு நாற்காலியிலிருந்து துண்டுகளை எடுத்தாள்.

உட்காரவில்லை. பேண்ட்டைப் பற்றி ஒரு பிரமாதமான ஜோக் தொண்டைவரை வந்துவிட்டது. அது ஏறுவதை நானே பார்த்தேன். அப்படியே நிற்கட்டும் என்று விட்டேன். பிறகு சொன்னேன்: "எக்கா, அன்னைக்கு மெனு கார்ட வச்சு வாசிச்சுக் காட்டுனேன்லா. அது உன் பயம் இல்லக்கா, என் பயம். நான் செஞ்சது தப்பு."

அத்தான் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். இது உதவியா உபத்திரவமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டே இருந்தாள். நாற்காலி அக்கா உடனே மன்னித்தாள், இவள் மன்னிக்கிற வழியைக் காணோம். கடைசித் துண்டையும் மடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க, அது கெடக்கட்டும். நானும் சேந்து சிரிச்சேன் பாத்தியா. எனக்கு அதுதான் ஆறல."

இந்த வசனத்தை நான் எழுதியிருக்கவே மாட்டேன். எத்தனை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது. ஜோக்குக்குள் ஓடாமல் அங்கேயே நின்றேன் என்பதை என் வாழ்க்கை வரலாற்றில் தனி அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும்.

அக்கா மேஜையிலிருந்த கரண்ட் பில்லை எடுத்தாள். அத்தானின் பேண்ட்டைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகை வளைத்தாள். விரலைப் பில்லின்மேல் ஓட்டினாள். "யா யா, ஷ்யூர் ஷ்யூர்" என்றாள். சட்டென்று நிறுத்தினாள். எச்சில் முழுங்கினாள். ஏதோ ஜோக் சொன்னவள் போல 'ஹெஹ்ஹெஹ்ஹே' என்று ஒரு சிரிப்புச் சிரித்து, அந்தச் சிரிப்பின் மறைவில் பில்லின் அடுத்த வரிக்குத் தாவினாள். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு வருஷம் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவளுடைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் வெள்ளைக்காரர்களோடு போனில் பேசுவேன். அடுப்படியிலிருந்து அவ்வளவையும் பார்த்திருக்கிறாள். என் ரகசியம் எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் அதை எந்த மைக்கிலும் சொன்னதில்லை.

அத்தான் சோபாவிலிருந்து சரிந்துவிட்டார். "ஹவ், ஹவ், அப்படியே இவன்தான்" என்று தக்கனியில் ஆமாம் போட்டு மூச்சு வாங்கினார். நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அந்தத் தண்ணீர் பிறகு வேறு மாதிரியாகி, சிரிப்பு நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தது. அக்கா மடித்து வைத்த துண்டுகளில் மேலே இருந்ததை எடுத்து என்மேல் எறிந்தாள்.

"ஏலே, மூஞ்சியத் தொடச்சுக்கோ. சவத்துப் பய."

இடது பக்கம் திரும்பித்தான் அந்தத் துண்டைப் பிடித்தேன். வலிக்கவில்லை.

ஆனால் அக்கா சும்மா விடுகிறவளா. மறுபடியும் கோயிலில் வாசிக்கச் சொன்னதற்கு நிபந்தனை போட்டாள். அவள் திரும்பவும் வாசிக்க வேண்டுமென்றால் அன்றைக்கு முதல் பாடத்தை நான் வாசிக்க வேண்டும். எதை வாசிப்பது என்பது அந்த ஞாயிற்றுக்குரிய அட்டவணைப்படிதான். ஆனால் பட்டியலில் எந்த வாரம் என்பதை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். தேடிப் பிடித்து, ராஜாக்கள் வரிசையாக நிற்கும் வாரமாகப் பார்த்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, அதே பாதிரியார், அதே ஜனங்கள் முன்னால் போய் நின்றேன். மைக் இருந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக மைக் முன்னால் ஒரு ஜோக்கும் இல்லாமல் நின்றேன். விரலை ஒளிக்கவில்லை, வரிக்கு அடியில் வைத்தேன். முதல் ராஜாவிடம் நின்றேன், முழுங்கினேன், தாண்டினேன். இரண்டாவது ராஜாவைப் பாதியோடு விட்டேன். மற்றவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் தாண்டிக் கரையேறினேன். யாரும் சிரிக்கவில்லை. இந்தத் தடவை அது அவமானமாகவும் இல்லை.

பிறகு அக்கா எழுந்து போனாள். நீலப் பட்டுச்சேலை. விரலை வைத்தாள். அவள் வழக்கம்போலவே மெதுவாக, ஒரு வார்த்தையையும் விடாமல் வாசித்தாள். ஒரு இடத்தில் நின்றாள். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நிதானமாக எச்சில் முழுங்கினாள். பிறகு தாண்டினாள்.

ஆராதனை முடிந்து வெளியே டீ கொடுக்கும் இடத்தில் என்னைக் கண்டதும் கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"ஏலே, அந்த ரெண்டாவது ராசாவ எங்கல விட்ட?"

பாதிரியார் திரும்பிப் பார்த்தார். அத்தான் திரும்பிப் பார்த்தார். டீ ஊற்றிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.

"யா யா, ஷ்யூர் ஷ்யூர்" என்றேன்.