வடக்குப்பட்டுத் தக்காளிக்கு நோய் போன வழி

போன மார்கழியில் இரண்டு முறை வடக்குப்பட்டுக்குப் போனேன். ஒரகடம் பக்கமெல்லாம் யாராவது பயணம் போவார்களா என்று கேட்காதீர்கள், என் பிழைப்பு அப்படி. தாம்பரத்தை அடுத்த ஒரு பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை. தக்காளியையும் உருளைக்கிழங்கையும் ஒரே வாரத்தில் கருக்கிவிடும் பின்கருகல் நோய், மலைக்குளிரில் சகஜம். அது சமவெளியில், கம்பெனி காம்பவுண்டுகளுக்கு நடுவே தலைகாட்டியிருக்கிறது என்று தகவல் வந்ததும் இலை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். ஆய்வு, மாதிரி என்று அடுத்தவர் தோட்டத்துக்குள் நுழைகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலை 6.10க்குத் தாம்பரத்தில் பஸ். ஒரகடம் 25 கிலோமீட்டர், டிக்கெட் 27 ரூபாய். ஷிப்ட் பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து 7.25க்குத்தான் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஆட்டோ, போக 120, காத்திருக்க நூறு. டிரைவருக்கு ஒரே ஆச்சரியம்.

“வடக்குப்பட்டுல இன்னாக்கா கீது பாக்கறதுக்கு? எங்க திரும்புனாலும் காம்பவுண்டு செவுருதான்.”

குமுதா அக்காவின் ஐம்பது சென்ட் தோட்டம் அப்படி ஒரு சுவரை ஒட்டித்தான் இருந்தது. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கெழம நல்லாதாம்மா இருந்திச்சி. செவ்வாக்கெழம பாத்தா வெந்நி ஊத்துன மாரி கீது,” என்றார்.

இலையைத் திருப்பினால் ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம். சந்தேகமே இல்லை. தடித்த வெள்ளை அட்டையில் இலையை வைத்து, பச்சைச் சாறு இறங்கும்வரை நசுக்கி, காயவைத்து, தனித்தனி உறையில் போடுவதுதான் என் வேலை. அதிலிருந்து ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏ எடுப்போம். கண்ணுக்கு எல்லாம் ஒரே கருகல்தான். ஆனால் அந்தக் கிருமியில் பல மரபணு வகைகள் உண்டு. ஒரு வகை கடை மருந்துக்குச் சாகும், இன்னொரு வகை அதே மருந்தைக் கண்டுகொள்ளாது.

சாலையோரமாகப் பத்து அட்டை எடுத்துவிட்டுக் கடைசியாகத் தென்மேற்கு மூலைக்குப் போனேன். அங்கே அழுகிய உருளைக்கிழங்கு ஒரு குவியல். பக்கத்து ஹாஸ்டல் கேன்டீனிலிருந்து வாராவாரம் டிராக்டரில் வருகிறதாம்.

“எருதானம்மா. சும்மாதான குடுக்கறானுங்க.”

எனக்குப் பகீரென்றது. எங்கெங்கிருந்தோ வரும் கிழங்கு, அதனதன் ஊர்க் கிருமியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அந்த மூலையிலும் பத்து அட்டை. முழங்கால்வரை பேன்ட் நனைந்துவிட்டது. ஈரத்துணியில் கிருமி ஒட்டிக்கொள்ளும், இந்தப் புடவையோடு வேறு தோட்டத்துக்குப் போகாதீர்கள் என்று அக்காவுக்குப் பெரிய உபதேசம் வேறு செய்தேன்.

அப்போதுதான் ஏழுமலை வந்தார். வாகன உதிரிபாக கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் முடிந்து, அக்கா தோட்டத்திலிருந்து முன்னூறு மீட்டர் வடகிழக்கே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் நாற்பது சென்டில் முதன்முதலாகத் தக்காளி போட்டிருப்பவர்.

“நம்ம தோட்டத்தையும் ஒருவாட்டி பாத்துட்டுப் போங்க மேடம். பத்து நாள்ல பறிக்கணும். இத்த நம்பித்தான் திரும்ப கம்பெனி லைனுக்குப் போவாம கீறேன்.”

போனேன். அருமையான தோட்டம். அவர் கேன்டீன் எருவைத் தொட்டதே இல்லை. காற்றும் வடகிழக்கிலிருந்து, அவரிடமிருந்து அக்கா பக்கம் வீசியது. என் படிவத்தில் நோயில்லாத இலைக்கும் ஒரு கட்டம் உண்டு. மழை இருட்டிக்கொண்டு வந்தது, டிரைவர் ஹாரன் அடித்தார். ஒரு தோட்டத்துக்கு ஒரு ஜோடி என்று செருப்புக்கு மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை இரண்டு ஜோடி எடுத்துப் போயிருந்தேன். முதல் ஜோடியோடே, அந்த ஈரப் பேன்ட்டோடே, மூன்றாவது செடிச் சாலில் இருபது அடி உள்ளே நடந்தேன். தோட்டம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு 9.40க்குக் கிளம்பினேன்.

பதினொன்றரைக்கு ஆய்வுக்கூடத்தில் பையைக் கொட்டினபோது இரண்டாவது ஜோடி பிரிக்காமல் கிடந்தது. ஏழுமலைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வெட்கம். நல்ல வெயில் அடித்தால் ஒன்றும் ஆகாது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஐந்து நாளும் வெயில் தலைகாட்டவில்லை.

ஆறாம் நாள் அவரே போன் செய்தார். மூன்றாவது சாலில் இலை கருகுகிறது, கடை மருந்து அடித்துவிட்டேன் என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே பைக்கில் 25 கிலோமீட்டர் வந்து இலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்கு நாளில் முடிவு வந்தது. அக்கா தோட்டத்தில் சாலையோரம் ஒரு வகை, கிழங்கு மூலையில் வேறு வகை, மருந்துக்கு அசையாத வகை. ஏழுமலையின் இலை அத்தனையிலும் அந்த மூலையின் வகை மட்டும்தான். அந்த மூலையிலிருந்து நேராக அவர் தோட்டத்துக்குப் போனது நான் ஒருத்திதான். டிஎன்ஏ என் பெயரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அதே பஸ், அதே ஆட்டோக் கூலி. வரப்பிலேயே நின்று சொன்னேன்.

“குமுதா அக்கா தோட்டத்துலேர்ந்து நான்தான் கொண்டுவந்துட்டேன். கால் உறை மாத்தல. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தோட்டம் பழுப்பாகியிருந்தது.

“அன்னிக்கே சொல்லியிருந்தா?”

“அந்த ஒரு சால் செடியையும் பக்கத்துச் சால் செடியையும் மட்டும் பிடுங்கியிருக்கலாம்.”

“நா ரெண்டு வாட்டி மருந்தடிச்சேன் மேடம்.”

அந்த வகைக்கு மருந்து கேட்காது, பிடுங்கிப் புதைப்பதுதான் வழி என்றேன். 9.15க்குப் பிடுங்க ஆரம்பித்தோம், அவரும் அவர் மனைவியும் நானும். 2.40க்கு எல்லாச் செடியையும் குழியில் போட்டு மூடினோம். பழுக்கத் தொடங்கின காய்களும் அதில்தான் போயின.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்கு மேல் அந்தச் சாலையில் லாரிகள், ஆறரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள். நல்ல தோட்டத்தை முதலில் பாருங்கள், நோய் கண்டதைக் கடைசியில். மாற்று பேன்ட் ஒன்று பையில் இருக்கட்டும். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே, அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

கை கழுவ ஏழுமலைதான் தண்ணீர் ஊற்றினார். திங்கட்கிழமையிலிருந்து பழைய லைனுக்கே போவதாகச் சொன்னார். கிளம்பும்போது சாலைவரை கூட வந்தார்.

“இனிமே எல வேணும்னா ஒரு போன் போடுங்க மேடம். இங்க ரோட்லயே நில்லுங்க. நானே எட்தாந்து தரேன்.”