கதிரையில இருக்கத் தெரியாதவள்

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு பிழை விட்டனான். சின்னப் பிழைதான். ஆனா நெஞ்சுக்குள்ள நிண்டு குடையுது. உங்களை விட்டா நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?

என்ர வேலை உங்களுக்குத் தெரியும்தானே. லண்டனில, ஹரோவில ஒரு பிரைமறிப் பள்ளிக்கூடத்தில, நாலு அஞ்சு வயசுப் பிள்ளையளின்ர வகுப்பில டீச்சிங் அசிஸ்டன்ட். மூக்குத் துடைக்கிறது, கோட்டுக்கு ஸிப் இழுக்கிறது, சப்பாத்துக்கு லேஸ் கட்டுறது... பேரில மட்டும்தான் டீச்சிங்!

ஆனா இலை கொட்டுற காலம் வந்தா எங்கட வகுப்பு ஒரே கொண்டாட்டம். திங்கள், மைதானத்தில இலை பொறுக்கினனாங்கள். செவ்வாய், அதுக்குப் பெயின்ற் பூசிப் பேப்பரில ஒத்தி எடுத்தம். என்ர சட்டையிலயும் மூண்டு இலை. புதன், சரஸ்வதி பூசை. டீச்சர் என்னைக் கதை சொல்லச் சொன்னா. "இண்டைக்குப் புத்தகத்தையெல்லாம் சாமிக்கு முன்னால வைச்சிடுவம், ஒருத்தரும் படிக்கமாட்டம்" எண்டன். முன்னால இருந்த ஒருத்தி உடனே கையைத் தூக்கினாள். "மிஸ், நானும் உங்கட சாமியிட்டை வரலாமோ?"

வெள்ளி, ஹார்வெஸ்ட் அசெம்பிளி, அறுவடைக்கு நன்றி சொல்லுற கூட்டம். நாங்கள் பொங்கலுக்குப் பானை வைக்கிறம், இவையள் டின் வைப்பினம். பீன்ஸ் டின், சூப் டின் எல்லாத்தையும் ஹோலில அடுக்கி, பாட்டுப் பாடி, பிறகு இல்லாத சனத்துக்குக் குடுக்கிறது.

இப்ப விஷயத்துக்கு வாறன். என்ர மகன் அபி படிக்கிறது ரெய்னர்ஸ் லேன் பக்கம், வேற பள்ளிக்கூடம். அங்கையும் அதே வெள்ளி, அதே ஒன்பதரை. ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். ஆறு வருஷமா மற்றவையின்ர பிள்ளையளுக்குக் கை தட்டினனான்... என்ர பிள்ளையின்ர ஒரு அசெம்பிளியும் பார்த்ததில்லை. அபியின்ர அப்பாவுக்கும் விடியவே ஷிப்ட். இந்த வருஷம் அபி ஆறாம் வகுப்பு. பிரைமறியில இதுதான் கடைசி வருஷம். பெரிய பள்ளிக்கூடத்தில ஆர் டின் அடுக்கப் போயினம்?

"அசெம்பிளியில சொல்ல எனக்கு ஒரு லைன் இருக்கு அம்மா. நானே எழுதினது. என்னெண்டு சொல்லமாட்டன், சர்ப்ரைஸ். வருவீங்கள்தானே?"

அந்தத் 'தானே'க்கு மாட்டன் எண்டு சொல்ல ஏலுமோ? எங்கட ஹெட் டீச்சரிட்டைப் போய் நிண்டன். "ஒரு மணித்தியாலம்தானே, தாராளமாப் போயிட்டு வாங்கோ" எண்டு சிரிச்சா. இவ்வளவு லேசோ? ஆறு வருஷமா நான் வாயைத் திறந்து கேக்கவேயில்லை எண்டது அப்பதான் எனக்கு உறைச்சது.

வெள்ளி காலமை பஸ் பிடிச்சு ஓடினன். ஹோல் நிறையச் சனம். பெற்றாருக்கு வரிசையாக் கதிரை. இரண்டாம் வரிசையில ஒண்டு வெறுமையாக்கூடக் கிடந்தது. நான் எங்க போய் நிண்டன் தெரியுமோ? சுவரோரம்! பியானோவுக்குப் பின்னால, அந்தப் பள்ளிக்கூடத்து அசிஸ்டன்ட்மாரோட. காலுக்குப் பழகின இடம் அது. கழுத்தில என்ர வேலைப் பாஸ் வேற தொங்குது, கழட்ட மறந்து போனன்.

எங்கட சனத்தின்ர குணம் இது. கலியாண வீட்டிலயும் நெருங்கின சொந்தம் எல்லாம் குசினிக்குள்ளதான் நிக்கும். தாலி கட்டினதை வீடியோவிலதான் பாக்கும்.

அபியின்ர முறை வந்தது. முன்னால வந்து நிண்டு கதிரையளைப் பார்த்தான். ஒரு வரிசை, அடுத்த வரிசை... நான் கையைத் தூக்கப் போறன் — "மிஸ்!" எண்டு என்ர சட்டையில ஒரு இழுவை. ஒரு சின்னப் பெட்டை. லேஸ் அவிண்டு கிடக்கு, கண்ணில தண்ணி. நான் குனிஞ்சிட்டன். யோசிக்கவேயில்லை, கை தன்ர பாட்டில போச்சுது. அவள் என்ர காதுக்குள்ள புதுச் சப்பாத்து வாங்கின கதையைச் சொல்லுறாள், நான் "ஓகே டார்லிங், ஓகே" எண்டு முடிச்சுப் போடுறன்.

நிமிர்ந்தா, ஹோலே கை தட்டுது.

பின்னேரம் அவன் வீட்டை வந்த உடனே கெஞ்சினன். "ராசா, அந்த லைனை ஒருக்காச் சொல்லனடா."

"எல்லாக் கதிரையும் பார்த்தனான் அம்மா. நீங்கள் வரேல்லை எண்டு நினைச்சன்."

"வந்தனானடா! பியானோவுக்குப் பின்னால..."

"இட்ஸ் ஓகே அம்மா. அது முடிஞ்சுது." பையைத் தூக்கிக்கொண்டு மேல போயிட்டான்.

கோபமில்லை, பாருங்கோ. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. கோபிச்சிருந்தா ஒரு பீட்ஸாவோட சமாதானம் பண்ணியிருப்பன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன்ர பிள்ளை தானே வளரும் எண்டு சொல்லுவினம். ஓம், வளர்ந்துதான் போச்சுது. நான்தான் பாக்கேல்லை.

இதை வாசிக்கிற ஆராவது அண்டைக்கு அந்த ஹோலில, ஒழுங்கா ஒரு கதிரையில, இருந்தனீங்களெண்டால் சொல்லுங்கோ... என்ர பிள்ளை என்ன சொன்னவன்?