ஊர் கேட்காத மேசை

கட்டணம் வாங்கிக்கொண்டு, தனியாக இருக்கும் ஆறு பேரை ஞாயிறு காலைகளில் ஒரே மேசையில் சாப்பிட வைப்பது அவர் தொழில். இடம் காந்திபுரம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, ஓயாத புன்னகை. முதல் ஞாயிறு அந்த ஆறு பேரில் ஒருவனாக உட்கார்ந்து, கடைசியில் ஏதாவது இன்சூரன்ஸ் பாலிசியை நீட்டுவார் என்றே காத்திருந்தேன். நீட்டவில்லை.

“ஏனுங்க, எந்த ஊருன்னு மட்டும் கேக்காதீங்க. அது சாதியிலதான் போய் நிக்கும்,” என்றார் எல்லோரிடமும்.

ஒவ்வொருவரையும் வாசல்வரை வந்து வழியனுப்புவது அவர் வழக்கம். என்னிடம் மெதுவாக, “உங்களுக்கு எந்த ஊருங்க?” என்றார்.

“ஈரோடுங்க.”

“ஈரோட்டுல எந்தத் தெருவுங்க?”

அதையும் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வேறு மேசை, புது முகங்கள். பேசப் பேசத்தான் புரிந்தது, ஆறு பேரும் ஒரே சாதி. அவர் அதே புன்னகையோடு வந்து நின்றார்.

“எந்த ஊருன்னு மட்டும் கேக்காதீங்க.”

கேட்கத் தேவையே இருக்கவில்லை.